விழுந்த மரம் யாருக்கு?

சாய்ந்த மரத்தில் பாய்ந்தேறலாம் என்பது நம் நாஞ்சில் நாட்டில் வழங்கிவரும் ஒரு பழமொழி. நிமிர்ந்து நிற்கும் வரை எவரும் ஏறத் தயங்கும் மரத்தின் மீது, அது சாய்ந்த மறு நாழிகையே சிறு பிள்ளைகளும் ஏறி விளையாடுவர். வலியவர் வீழ்ந்தால் யாரும் மிதிப்பர் என்னும் கருத்தில் பெரியோர் இதனை எடுத்தாள்வர். இப்பழமொழியை அதன் நேர்ப்பொருளிலேயே எண்ணிப் பார்க்கும்படியான நாள் ஒன்று நம் மாவட்டத்திற்கு வந்தது. அது 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள்.

ஒக்கிப் புயல் வீசிய அந்த நாளை நம்மில் எவரும் மறந்துவிடவில்லை. கடற்கரை ஊர்களிலிருந்து வலையும் வள்ளமுமாகச் சென்றோர் பலர் கரை திரும்பவேயில்லை. அவர்தம் இல்லங்களில் எழுந்த அழுகுரலை எந்தக் கணக்கேடும் அளந்து சொல்லாது. அத்துயரத்தின் முன் மரங்களைப் பற்றிப் பேசுவதும் தகுமோ என்று நெஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. ஆயினும் புயல் கடலோடு நின்றுவிடவில்லை. வாழையும் தென்னையும் ரப்பரும் தோட்டந்தோட்டமாய்ச் சரிந்தன. சாலைகள் மரங்களால் அடைபட்டன. மின்கம்பங்கள் முறிந்து ஊர்கள் இருளில் மூழ்கின. பல நாட்கள் நம் செவிகளில் ஓயாது ஒலித்தது இயந்திர வாள்களின் ஓசையே.

சாலையில் விழுந்த மரத்தை அறுத்து அகற்றியாக வேண்டும். வீட்டுக் கூரைமேல் சாய்ந்த தென்னையை அப்படியே விட்டுவைப்பாரில்லை. தன் உழைப்பால் வளர்த்த ரப்பர் மரம் வேரோடு சாய்ந்த விவசாயி, அதனை விற்று ஓரளவேனும் இழப்பை ஈடுசெய்ய முயல்வது நியாயமே. இவற்றில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் அந்நாட்களில் தேநீர்க் கடைகளிலும் கோயில் முற்றத்திலும் வேறொரு கேள்வியும் எழுந்தது. 'மலைக்காட்டிலும் எவ்வளவோ மரம் விழுந்திருக்குமே! நல்ல தடிகள் கிடந்து மட்கிப் போகின்றனவே! அவற்றை எடுத்து விற்றால் அரசுக்கு வருவாய், ஏழைக்குக் கூலி. யாருக்கு நட்டம்?' என்று பலர் கேட்டனர். கேட்டவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று கேட்டு வளர்ந்த எளிய மக்களே அவர்கள். எனவே அக்கேள்வியை நாம் இகழ்ந்து ஒதுக்குவதற்கில்லை. உலகின் இரு கோடிகளில், ஏறத்தாழ ஒரே காலத்தில், சட்ட மன்றங்களும் நீதிமன்றங்களும் இதே கேள்விக்கு விடை தேடின. அவ்வரலாற்றை நாம் அறிந்துகொள்வது பயனுடைத்து.

துயரத்தின் நிழலில் வந்த சட்டம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில், 1995ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் ஓக்லஹோமா நகரில் அரசு அலுவலகக் கட்டடம் ஒன்று வெடிகுண்டுக்கு இரையாயிற்று. குழந்தைகள் உட்பட 168 பேர் மாண்டனர். நாடே துயரத்தில் ஆழ்ந்திருந்த அந்நாளில், அந்நகர்க்கான உதவித் தொகையும், பேரிடர்களுக்கான நிவாரணமும், அரசின் செலவுக் குறைப்பும் அடங்கிய மசோதா ஒன்று பேராயத்தின் முன் இருந்தது. அம்மசோதாவோடு காடுகளைப் பற்றிய ஒரு பிரிவும் ஒட்டவைக்கப்பட்டது. வெடிகுண்டுக்கும் காட்டு மரத்திற்கும் என்ன தொடர்பு? ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் துயருற்றோர்க்கு உதவும் சட்டத்தை எதிர்க்க எவர் துணிவார்? ஆகவே அதன் தோளில் ஏறிக்கொண்டு அப்பிரிவும் உள்ளே நுழைந்தது.

அதிபர் கிளின்டன் முதலில், 1995 ஜூன் 7ஆம் நாள், அம்மசோதாவை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். பின்னர் சில மாற்றங்களோடு வந்தபோது, ஜூலை 27ஆம் நாள் அதில் கையொப்பமிட்டார். காடு பற்றிய பிரிவு அப்பொழுதும் அதனுள்ளே இருந்தது.

அப்பிரிவு என்ன சொல்லிற்று? தீயில் கருகிய, காற்றில் விழுந்த, பூச்சியாலும் நோயாலும் பட்டுப்போன மரங்களைப் பொதுக் காடுகளிலிருந்து விரைந்து எடுத்து விற்க வேண்டும் என்றது. இதுவரை கேட்பவர்க்குக் குறை ஒன்றும் தோன்றாது. ஆனால் பட்ட மரம் என்பதற்கு அது தந்த வரையறையைப் பார்ப்போம். தீக்கோ பூச்சிக்கோ விரைவில் இரையாகக் கூடியது எனக் கருதப்படும் மரமும் அவ்வரையறைக்குள் அடங்கிற்று. காய்ந்த கோடைக் காட்டில் தீக்கு இரையாகக் கூடாத மரம் எது? நோயாளியைப் பார்க்க வந்த மருத்துவர், நோய் வரக்கூடியவர் என்று சொல்லி வீட்டிலுள்ள அனைவரையும் மருத்துவமனைக்கு இழுத்துச் செல்வது போன்றது இது.

இதனினும் பெரிய கேடு மற்றொன்று. இவ்வாறு விற்கப்படும் மரங்களைப் பொறுத்தவரை, நாட்டின் சுற்றுச்சூழல் சட்டங்கள் அனைத்தும் நிறைவேற்றப்பட்டனவாகவே கொள்ளப்படும் என்று எழுதிவைத்தனர். வனத்துறையிடம் மேல்முறையீடு செய்யும் வழியை அடைத்தனர். நீதிமன்றத்தை நாடுவோர் விற்பனை அறிவிப்பு வந்த 15 நாட்களுக்குள் வழக்கிட வேண்டும். நீதிமன்றம் 45 நாட்களுக்குள் தீர்ப்பளிக்க முயல வேண்டும். அதுவரை தற்காலிகத் தடை ஆணையும் பிறப்பிக்கலாகாது. அது மட்டுமன்று; வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் நீண்ட காலமாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பழைய மர விற்பனைகளையும், பட்ட மரங்களோடு தொடர்பில்லாத பசுங்காடுகளின் விற்பனைகளையும் கூட, அப்பிரிவு மீண்டும் திறந்துவிட்டது. விழுந்த மரத்திற்காகத் திறந்த கதவின் வழியே நின்ற மரங்களும் வெளியேறின.

மக்கள் வாளாவிருக்கவில்லை. ஆரிகன் மாநிலத்தின் வில்லாமெட் தேசியக் காட்டில், வார்னர் கிரீக் என்னும் பகுதி 1991ஆம் ஆண்டு தீக்கு இரையாகியிருந்தது. அது தானே பிடித்த தீ அன்று. எவரோ வைத்த தீ. அழிந்துவரும் புள்ளி ஆந்தையின் உறைவிடமாகக் காக்கப்பட்டிருந்த இடம் அது. அங்குக் கருகி நின்ற மரங்களை விற்க முற்பட்டபோது, 1995ஆம் ஆண்டில் இளைஞர்களும் முதியோருமாகச் சிலர் காட்டுக்குச் செல்லும் பாதையில் தடுப்பமைத்துத் தங்கினர். மலைப்பனியிலும் அவர்கள் கலையவில்லை. ஏறக்குறைய பதினொரு மாதங்கள் அப்போராட்டம் நீடித்தது. அவர்கள் எழுப்பிய கேள்வி கூர்மையானது: வெட்டக்கூடாத காட்டுக்குத் தீவைத்துவிட்டால் வெட்டலாம் என்று சட்டம் சொல்லுமாயின், அச்சட்டம் காட்டைக் காக்கிறதா, தீவைப்பவனுக்குப் பரிசளிக்கிறதா? இறுதியில் 1996ஆம் ஆண்டு அவ்விற்பனை கைவிடப்பட்டது. சட்டத்தில் கையொப்பமிட்ட அரசின் தலைவர்களே பின்னர் அதைக் குறித்து வருந்திப் பேசும்படி ஆயிற்று. அப்பிரிவு 1996 டிசம்பர் 31ஆம் நாளோடு காலாவதியானது.

கூடலூரில் கிடந்த தடிகள்

அங்கே நீதிமன்றத்தின் கதவு சாத்தப்பட்ட அதே 1995ஆம் ஆண்டில், இங்கே ஒரு முதியவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதியில் நிலம்பூர்க் கோவிலகத்திற்கு உரிய ஜன்ம நிலங்கள் பரந்து கிடந்தன. தமிழக அரசு 1969ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தால் அவ்வுரிமை ஒழிக்கப்பட்டது. அதன்பின் அந்நிலங்கள் யாருக்கு உரியன என்னும் வழக்குகள் இழுபட்டுக் கொண்டிருக்கையில், காடுகள் மெல்ல மெல்ல மொட்டையடிக்கப்பட்டன. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு அங்கு மரங்கள் வெட்டுண்டு கிடப்பதைக் கண்டு மனம் நொந்தார். 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் மனு அளித்தார். அதுவே 1995ஆம் ஆண்டின் 202ஆம் எண் பேராணை மனு என்று இன்றும் சட்ட வல்லுநர்கள் பேசும் வழக்காகும்.

நீதிபதிகள் ஜே. எஸ். வர்மா, பி. என். கிர்பால் ஆகியோர் 1996 டிசம்பர் 12ஆம் நாள் வழங்கிய ஆணை இந்தியக் காடுகளின் வரலாற்றையே திருப்பிவிட்டது. காடு என்றால் அரசின் ஏட்டில் காடு எனப் பதிவான நிலம் மட்டுமன்று. யாருக்கு உரிமையுடையதாயினும், அகராதி தரும் பொருளில் காடாக உள்ளதெல்லாம் காடே என்று அவர்கள் கூறினர். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் முன் ஒப்புதல் இன்றிக் காட்டில் நடைபெறும் பிற வேலைகள் யாவும் நிறுத்தப்பட வேண்டும் என்றனர். அமெரிக்கச் சட்டம் காலாவதியாவதற்குப் பத்தொன்பது நாட்களுக்கு முன்னர் இவ்வாணை பிறந்தது.

அவ்வாணையில் தமிழ்நாட்டுக்கென்று தனிப்பகுதி ஒன்று உண்டு. எல்லாக் காட்டுப் பகுதிகளிலும் மரம் வெட்டுவதற்கு முழுத்தடை விதித்த நீதிமன்றம், நட்டு வளர்த்த மரத்தையும் தானே முளைத்து வளர்ந்த மரத்தையும் வேறுபடுத்திப் பார்த்தது. தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களில் நிழலுக்காக நட்ட மரங்களை மட்டுமே, அதுவும் அரசுக் குழுவின் மேற்பார்வையில் வெட்டலாம். தானே வளர்ந்தவற்றைத் தொடலாகாது என்றது. அப்படியானால் முன்னரே வெட்டுண்டு கிடக்கும் தடிகளை என் செய்வது? நம் ஊரார் கேட்ட அதே கேள்விதான்! 1995 டிசம்பர் 11ஆம் நாள் பிறப்பித்த இடைக்கால ஆணைக்கு முன்பு வெட்டப்பட்ட மரங்களை அரசு ஆய்ந்து, அடையாளமிட்டு, ஒருமுறைக்கு மட்டும் எடுத்துச் செல்ல இசைவளிக்கலாம்; ஆனால் ஜன்ம நிலத்தில் வெட்டப்பட்டவற்றுக்கு அச்சலுகை இல்லை என்பது விடையாயிற்று.

இதன் நுட்பம் எண்ணத்தக்கது. கிடக்கும் தடியை எடுக்க விட்டால் நாளை வேறொன்று கிடக்கும். எடுப்பதற்கு அனுமதி உண்டென்றால் விழவைப்பதற்குக் கைகள் முளைக்கும். கூடலூரில் நிகழ்ந்ததை நன்கறிந்த நீதிமன்றம், கிடக்கும் தடியைப் பார்க்கையில் இனி விழப்போகும் மரத்தையும் கண்முன் நிறுத்திக்கொண்டது. கோதவர்மன் திருமுல்பாடு 2016ஆம் ஆண்டு காலமானார். அவர் தொடங்கிய வழக்கு அவருக்குப் பின்னும் நடைபெற்று வருகிறது.

காற்றில் விழுந்த மரத்துக்கும் ஒரு காவல்

இவ்வழக்கின் தொடர்ச்சியாகவே, 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் மற்றோர் ஆணை வந்தது. தேசியப் பூங்காக்களிலிருந்தும் வனவிலங்குச் சரணாலயங்களிலிருந்தும் இறந்த, நோயுற்ற, பட்டுக்கொண்டிருக்கும், காற்றில் விழுந்த மரங்களையும், நீரில் மிதந்து வரும் மரங்களையும், புல் முதலியவற்றையும் அகற்ற ஆணையிடலாகாது என்று மாநில அரசுகளை உச்ச நீதிமன்றம் தடுத்தது. உயிருள்ள மரத்தைக் காக்கும் சட்டங்கள் உலகில் பல உண்டு. இறந்த மரத்திற்கும் காவல் வைத்த ஆணை இது.

ஏன் இவ்வளவு கடுமை? அக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்வோம். 1990களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தின் சால் மரக் காடுகளில் துளைப்பான் வண்டு பெருகிற்று. தாக்குண்ட மரங்களை வெட்டி அகற்றினால்தான் எஞ்சிய காடு பிழைக்கும் என்று வனத்துறையினர் கருதினர். இலட்சக்கணக்கில் மரங்கள் வீழ்த்தப்பட்டன. நோயின் பெயரால் நல்ல மரங்களும் சாய்க்கப்படுகின்றன என்று சூழல் ஆர்வலர்கள் முறையிட்டனர். வண்டின் பெருக்கம் மெய். அதனைக் கட்டுப்படுத்த வேண்டியதும் மெய். ஆனால் எந்த மரம் நோயுற்றது, எது தேறிவிடும் என்று முடிவு செய்பவரின் கையிலேயே விற்பனைக் கணக்கும் இருக்குமாயின், அம்முடிவில் மக்கள் ஐயுறுவது இயல்பன்றோ?

அறிவியல் கூறுவதையும் கேட்போம். காட்டில் விழுந்த மரம் வீணாகிறது என்பது நம் வீட்டுக் கணக்கு. காட்டின் கணக்கு வேறு. முதிர்ந்து பொந்து விழுந்த மரத்தில்தான் நம் மலைகளின் இருவாச்சிப் பறவை கூடமைக்கிறது. பட்ட மரத்தின் புழுக்களே மரங்கொத்தியின் உணவு. விழுந்த தடி காளானுக்கும் கறையானுக்கும் இரையாகி, மட்கி, மண்ணாகி, மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, அடுத்த தலைமுறை நாற்றுக்குத் தொட்டிலாகிறது. சரிவில் குறுக்கே கிடக்கும் மரம் மண்ணரிப்பைத் தடுக்கிறது. அத்தடியை இழுத்து வர இயந்திரமும் பாரவண்டியும் சென்றால், பாதை வேண்டும். பாதைக்கு நின்ற மரங்கள் சாய வேண்டும். சக்கரத்தின் கீழ் இளநாற்றுகள் நசுங்க வேண்டும்.

இது வெறும் ஊகமன்று. ஆரிகன் மாநிலத்தில் 2002ஆம் ஆண்டு ஏறத்தாழ 5 இலட்சம் ஏக்கர் பரப்பைத் தொட்ட பெருந்தீ ஒன்று மூண்டது. அதன்பின் கருகிய மரங்கள் எடுக்கப்பட்ட இடங்களை ஆராய்ந்த ஆய்வு மாணவர் ஒருவரும் அவர் தோழர்களும் 2006ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் தம் முடிவை வெளியிட்டனர். தீக்குப்பின் ஓர் ஹெக்டேருக்கு 767 என்னும் அளவில் தாமாகவே முளைத்திருந்த நாற்றுகள், மரம் எடுக்கப்பட்ட இடங்களில் 224ஆகக் குறைந்திருந்தன. அதாவது நூற்றுக்கு 71 பங்கு அழிந்திருந்தது. தரையில் சிதறிய சுள்ளிகளால் தீயின் இடரும் கூடியிருந்தது. அப்பொழுது, பேரிடருக்குப் பின் மரம் எடுப்பதை மேலும் விரைவுபடுத்தும் புதிய மசோதா ஒன்று அந்நாட்டுப் பேராயத்தின் முன் இருந்தது. இக்கட்டுரை அச்சில் வருவதைத் தள்ளிப்போடச் செய்ய, அம்மாணவரின் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலரே முயன்றனர் என்பதும் வரலாறு. மசோதா 2006 மே மாதம் கீழவையில் நிறைவேறிற்று. மேலவையில் நிறைவேறாமல் மடிந்தது. மூன்று பக்கங்கூட நிறையாத ஒரு சிறு கட்டுரைக்கு இத்தனை அச்சமா என்று நாம் வியக்கலாம். உண்மைக்கு அளவு தேவையில்லை போலும்.

எளியோரின் பங்கு

இதுவரை சொன்னவற்றால், காட்டிலிருந்து ஒரு சுள்ளியையும் எவரும் தொடலாகாது என்று நாம் வாதிடுவதாக வாசகர் எண்ணிவிட வேண்டா. 2000ஆம் ஆண்டின் ஆணைக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பெருவணிகரைத் தடுக்க எழுந்த அவ்வாணை, காலப்போக்கில், காட்டையே வாழ்வாகக் கொண்ட மக்களையும் தடுத்தது. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் தேனும் நெல்லிக்காயும் சேகரித்து வாழ்ந்த சோளகர்கள் தம் பிழைப்பை இழந்து தவித்தனர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்த பின்னரே, அதன்கீழ் 2011ஆம் ஆண்டில், அவர்கள் தம் உரிமையை மீட்டுக்கொண்டனர். தடை ஒன்று எழும்போது அது முதலில் யார்மேல் விழுகிறது என்று பார்க்க மறந்தால், நல்ல ஆணையும் எளியோர்க்கு வாளாகிவிடும்.

இச்சிக்கலைத் தீர்க்கும் நெறி சட்டத்திலேயே உள்ளது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், சரணாலயத்திலிருந்து எடுக்கப்படும் பொருள் அதனுள்ளும் அருகிலும் வாழும் மக்களின் சொந்தத் தேவைக்குப் பயன்படலாம். வணிகத்துக்குப் பயன்படலாகாது என்று கூறுகிறது. தலைச்சுமையாகச் சுள்ளி கொண்டுபோகும் தாய் வேறு. பாரவண்டியில் தடி ஏற்றுபவர் வேறு. இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

இதைப் படிக்கையில் நமக்குத் திருவிவிலியத்தின் பழைய சட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தை முற்றும் அறுக்கலாகாது. சிந்திய கதிர்களைப் பொறுக்கலாகாது. திராட்சைத் தோட்டத்தில் விழுந்த பழங்களை எடுக்கலாகாது. அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்று லேவியர் நூல் விதிக்கிறது. ரூத்து என்னும் கைம்பெண் உயிர்பிழைத்தது அவ்விதியால் அன்றோ! விழுந்தது நிலத்தின் சொந்தக்காரனுக்கு உரியதன்று என்னும் அச்சட்டத்தின் ஆழத்தைக் காட்டிற்கும் பொருத்திப் பார்ப்போம். நின்ற மரம் நாட்டுக்கு உரியதென்றால், விழுந்த மரம் யாருக்கு? காட்டின் ஏழைகளுக்கு: சுள்ளி பொறுக்கும் காணிக்காரப் பெண்ணுக்கு, பொந்து தேடும் பறவைக்கு, ஊட்டம் தேடும் நாற்றுக்கு. இணைச்சட்ட நூலோ இன்னும் ஒரு படி செல்கிறது. நகரை முற்றுகையிடும் படையினரும், போர் என்னும் அவசரத்திலும், கனிதரும் மரங்களைக் கோடரியால் வீழ்த்தலாகாது என்று தடுக்கிறது. அவசரம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் அடுக்கும் என்று எண்ணுவோர்க்கு, போர்க்களத்திலிருந்தே விடை வந்துவிட்டது.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1990ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் உலக அமைதி நாள் செய்தியில், படைப்போடு ஒப்புரவாகாமல் அமைதி இல்லை என்பதைத் திருச்சபையின் முன் வைத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு தம் சுற்றுமடலில் பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் பிரித்துக் கேட்கலாகாது என வலியுறுத்தினார். சோளகர்களின் வரலாறு அவ்விரு குரல்களையும் பிரித்துக் கேட்டதால் வந்த பிழைக்குச் சான்று. அமெரிக்கச் சட்டத்தின் வரலாறு இரண்டையும் கேளாததால் வந்த பிழைக்குச் சான்று.

நம் வாசலுக்கு வருவோம்

அஞ்சுகிராமத்தில் நின்று வடமேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைக்கோடி நீலமாய்த் தெரியும். நம் ஊர் காட்டு ஊரன்று. பனையும் தென்னையும் குளமும் வயலுமான சமவெளி ஊர். காட்டில் என்ன நடந்தால் நமக்கென்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால் மலையில் பெய்யும் மழையே பேச்சிப்பாறை அணையை நிறைத்துக் கால்வாய்களின் வழியே நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு வருகிறது. திருவிதாங்கூர் அரசர் மூலம் திருநாள் காலத்தில், 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை நீரைத் தேக்குகிறது. நீரைத் தருவது காடே. மேலே ஒரு சரிவில் விழுந்த மரம் மட்கி மண்ணில் ஈரம் பிடிக்கிறதா, அன்றி இழுத்துச் செல்லப்பட்ட தடத்தில் மண் கரைந்து அணைக்குள் இறங்குகிறதா என்பது, கீழே நம் வயலின் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்று.

1956 நவம்பர் முதல் நாள் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, திருவிதாங்கூரின் காடுகளில் ஒரு பகுதியும் நம்மோடு வந்தது. அதில் ஒரு பங்கு ரப்பர்த் தோட்டமாயிற்று. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு அத்தோட்டங்கள் வேலையும் தந்தன. 1984ஆம் ஆண்டில் அரசு ரப்பர்க் கழகம் உருவாயிற்று. எஞ்சிய காட்டில் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2008ஆம் ஆண்டு கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனவே அதனுள் புயலில் விழும் மரம் வணிகத்துக்கு உரியதன்று. தேநீர்க் கடையில் எழுந்த கேள்விக்குச் சட்டம் தரும் விடை இது. நட்டு வளர்த்த ரப்பர் விழுந்தால் நட்டவர் எடுக்கட்டும். தானே வளர்ந்த காட்டில் விழுந்ததைக் காடே வைத்துக்கொள்ளட்டும். கூடலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வேறுபாடும் இதுவே.

ஆனால் சட்டங்கள் என்றும் அப்படியே இருப்பதில்லை. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2023 மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டு, ஆகஸ்டு மாதத்திற்குள் இரு அவைகளிலும் நிறைவேறியது. நாட்டின் எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் அமையும் பாதுகாப்பு சார்ந்த சாலை முதலிய திட்டங்களுக்கு அது விலக்களித்தது. அரசு ஏடுகளில் பதிவாகாத காடுகள் பல சட்டத்தின் காவலை இழக்கும் என்று அறிஞர்களும் ஓய்வுபெற்ற அரசு அலுவலர்களும் பழங்குடி அமைப்பினரும் எதிர்த்தனர். உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 19ஆம் நாள், காடு என்பதற்கு 1996ஆம் ஆண்டு தந்த பொருளையே தற்போதைக்குப் பின்பற்றுமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. கூடலூரில் கிடந்த தடிகளைக் கண்டு ஒருவர் நொந்த நோவு, இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் காடுகளுக்கு வேலியாக நின்றது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? காட்டுக்குக் கேடு எப்பொழுதும் கோடரியோடு நேராக வருவதில்லை. சில வேளை அது நிவாரணம் என்னும் பெயரில் வரும். சில வேளை சிகிச்சை என்னும் பெயரில் வரும். பெரும்பாலும் விரைவு என்னும் பெயரில் வரும். விரைவு எல்லா இடத்திலும் தீதன்று. ஒக்கியின் இரவில் கடலில் தவித்தோர்க்கு விரைவு வேண்டியிருந்தது; போதிய விரைவு இல்லையே என்றுதான் நம் கடற்கரை மக்கள் சாலைக்கு வந்து கதறினர். மனித உயிர் காக்க விரைதல் அறம். ஆனால் விழுந்த மரம் எங்கும் ஓடிப்போவதில்லை. அதனை எடுக்க ஏன் இவ்வளவு விரைவு, யாரையும் கேளாமல், எவரும் வழக்கிட முடியாமல் எடுக்க வேண்டிய கட்டாயம் என்ன என்று ஒரு கேள்வி கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. அக்கேள்விக்கு இடம் வைக்காத சட்டத்தை ஐயத்தோடு பார்ப்பது நம் கடமையுமாகும்.

மீண்டும் புயல்கள் வரும். கடல் சூடேறிவரும் இக்காலத்தில் அவை வலுவோடு வரவும் கூடும். அப்பொழுதும் மரங்கள் சாயும். சாய்ந்த மரத்தில் பாய்ந்தேற ஆட்கள் வருவர். அந்நாளில் முதலில் நம் கண்கள் கடலை நோக்கட்டும். சென்றவர் திரும்பினரா என்று பார்க்கட்டும். அதன்பின் ஒரு முறை மலையையும் நோக்கட்டும். அங்கே சத்தமின்றி மட்கும் மரத்தின் மேல் ஒரு சிறு நாற்று தலைநீட்டிக் கொண்டிருக்கும். அதன் பங்கை நாம் பறித்துக்கொள்ளாதிருப்போமாக.